மோனோ காய்ச்சலில் கல்லீரல் ஏன் வீங்குகிறது, ஏ.என்.ஏ. ஏன் பாசிட்டிவ் வருகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தங்கைக்கு 19 வயதில் இந்தக் காய்ச்சல் வந்தது. முதலில் தொண்டை வலி, பிறகு கழுத்தெல்லாம் நெறி கட்டியது, இரண்டாவது வாரம் கல்லீரல் காயத்தைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. 186, மூன்றாவது வாரம் கண்ணில் லேசான மஞ்சள், அதே வாரம் எடுத்த டெஸ்டில் ஏ.என்.ஏ. (தன் அணுக்களின் உட்கருவுக்கே எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்) பாசிட்டிவ். "ஆட்டோஇம்யூன் நோய் போலத் தெரிகிறது, வாழ்நாள் முழுக்க மாத்திரை போட வேண்டி வரலாம்" என்று ஓர் இடத்தில் சொல்லி அனுப்பினார்கள். ஆட்டோஇம்யூன் என்றால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குவது. அம்மா அன்று இரவு தூங்கவில்லை. ஆறாவது வாரத்துக்குள் கல்லீரல் எண்கள் தானாகவே இறங்கிவிட்டன. அதிலிருந்து யார் வீட்டில் இந்தக் காய்ச்சல் வந்தாலும் என்னிடம் கேட்கிறார்கள், திரும்பத் திரும்ப ஒரே கேள்விகள்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. அவளைப் பார்த்த கல்லீரல் மருத்துவரிடம் துருவித் துருவிக் கேட்டதும், பிறகு பாடநூல்களில் படித்து உறுதி செய்துகொண்டதும்தான் இதில் இருக்கின்றன.

மோனோ என்றால் என்ன காய்ச்சல்? எங்கள் பக்கம் யாருக்கும் வந்து கேள்விப்பட்டதில்லையே?

முழுப் பெயர் இன்ஃபெக்சியஸ் மோனோநியூக்ளியோசிஸ். லண்டனிலோ கொழும்பிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் கிளாண்டுலர் ஃபீவர் என்று சொல்வார்கள், இரண்டும் ஒன்றே. பெரும்பாலும் இதற்குக் காரணம் எப்ஸ்டீன்-பார் வைரஸ், சுருக்கமாக ஈ.பி.வி. 1964இல் லண்டனில் ஆன்டனி எப்ஸ்டீன், இவான் பார், பெர்ட் அச்சோங் மூவரும் உகாண்டாவிலிருந்து வந்த ஒரு குழந்தையின் புற்றுக்கட்டி அணுக்களில் இந்த வைரஸைக் கண்டார்கள். அதற்கும் இந்தக் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு கொஞ்சம் பிறகுதான் தெரிந்தது, அதுவும் தற்செயலாக. பிலடெல்பியாவில் வெர்னர், கெர்ட்ரூட் ஹென்லே தம்பதியின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு மோனோ வந்தது. காய்ச்சலுக்கு முன் அவர் ரத்தத்தில் ஈ.பி.வி. ஆன்டிபாடி இல்லை, காய்ச்சலுக்குப் பின் இருந்தது. 1968இல் அதை வெளியிட்டார்கள்.

கேள்விப்படாததற்குக் காரணம், நம் ஊர்களில் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சின்ன வயதிலேயே வந்து போய்விடுகிறது. அந்த வயதில் வந்தால் சாதாரண சளிக் காய்ச்சல் மாதிரி இருக்கும், அல்லது ஒன்றுமே தெரியாது. உலகில் பெரியவர்களில் 90%க்கும் மேல் இந்த வைரஸைச் சுமந்துகொண்டுதான் இருக்கிறார்கள். சின்ன வயதில் தப்பித்து, 15 வயதிலிருந்து 25 வயதுக்குள் முதல் முறை தொற்றினால்தான் அது முழுமையான மோனோவாக வெளிப்படுகிறது.

ஒரே வைரஸ், குழந்தையை விட்டுவிடுகிறது, காலேஜ் பிள்ளையைப் படுக்கையில் தள்ளுகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

மோனோவில் நம்மைப் படுத்துவது வைரஸைவிட அதிகமாக நம் உடம்பின் எதிர்ப்புதான். ஈ.பி.வி. உமிழ்நீர் வழியாக வந்து தொண்டையில் இறங்கி, பி அணுக்கள் என்ற வெள்ளையணுக்களுக்குள் புகுந்துகொள்கிறது. ஆன்டிபாடி தயாரிப்பது இந்த பி அணுக்களின் வேலை. இவற்றை ஒழிக்க, டி அணுக்கள் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்கள் படையாகத் திரள்கின்றன. ரத்தப் பரிசோதனையில் "ஏடிபிகல் லிம்ஃபோசைட்" என்று எழுதி வருகிறதே, அவை பெரும்பாலும் வைரஸ் புகுந்த அணுக்கள் அல்ல, அவற்றை வேட்டையாட வந்த டி அணுக்கள். சில நோயாளிகளிடம் கொல்லும் வகை டி அணுக்களில் 40% வரை இந்த வைரஸின் ஒரே ஒரு துணுக்கைக் குறிவைத்தே நிற்பதாகக் கண்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய படை ஒரே நேரத்தில் கிளம்பினால் காய்ச்சல், நெறி, தொண்டை வீக்கம், அசதி எல்லாம் வரத்தானே செய்யும். சின்னக் குழந்தையின் உடம்பு இந்த அளவுக்குத் திரட்டுவதில்லை.

தொண்டையில் வந்த வைரஸுக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாகப் பார்த்தால் ரொம்பக் குறைவு. ஹெபடைடிஸ் ஏ, பி, ஈ வைரஸ்கள் எல்லாம் கல்லீரல் அணுக்களுக்குள்ளேயே குடியேறிப் பெருகுபவை. ஈ.பி.வி. அப்படிச் செய்வதில்லை. அந்த டி அணுப் படை ரத்தத்தோடு சுற்றும்போது கல்லீரலின் குறுகலான ரத்த வழிகளில் வந்து தேங்கிவிடுகிறது. அங்கே அது சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா போன்ற ரசாயனங்களும், அணுக்களைச் சாகச் சொல்லும் சமிக்ஞைகளும் பக்கத்தில் சும்மா இருக்கும் கல்லீரல் அணுக்களையும் காயப்படுத்துகின்றன. சண்டை நடக்கும் தெருவில் வீடு இருந்தால் ஜன்னல் உடையும் இல்லையா, அந்த மாதிரி. பயாப்ஸி, அதாவது கல்லீரலில் ஒரு துணுக்கை எடுத்துப் பார்த்தால் அந்த வழிகளில் வெள்ளையணுக்கள் மணி கோத்தது போல் வரிசையாக நிற்பது தெரியும். ஆனால் மோனோவுக்காகப் பயாப்ஸி எடுக்கும் தேவை அபூர்வமாகத்தான் வரும்.

எஸ்.ஜி.பி.டி. 186 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். மோனோ வந்தவர்களில் பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் என்சைம்கள் இரண்டும் ஏறும், டெஸ்ட் எடுக்காததால் பலருக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வழக்கமாக இயல்பளவைப் போல இரண்டு மூன்று மடங்கு, பெரும்பாலும் ஐந்து மடங்குக்குள். இரண்டாவது வாரத்தில் உச்சம் தொட்டு, அடுத்த சில வாரங்களில் இறங்கிவிடும். பித்தம் தேங்குவதைக் காட்டும் அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸும் சேர்ந்து ஏறுவது சகஜம்.

எண் ஆயிரத்தைத் தாண்டிப் போனால் கதை வேறு. அப்போது மோனோ என்று முடிவு கட்டிவிட்டு உட்காராமல் ஹெபடைடிஸ் ஏ, ஈ, பி இருக்கிறதா, பாரசிட்டமால் அளவுக்கு மீறிப் போய்விட்டதா என்று தேட வேண்டும்.

ஒற்றை எண்ணைவிட அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் முக்கியம். 186 ஒரு வாரத்தில் 120 ஆனால் நிம்மதி. எஸ்.ஜி.பி.டி. ஏறாமல் நின்றாலும் பி.டி., ஐ.என்.ஆர். என்ற ரத்தம் உறைவதைக் காட்டும் டெஸ்ட் மோசமாகிக்கொண்டே போனால் அதுதான் கல்லீரல் உண்மையிலேயே தள்ளாடுகிறது என்பதற்கு அடையாளம். எஸ்.ஜி.பி.டி. கல்லீரலுக்குக் காயம் பட்டதைச் சொல்லும், ஐ.என்.ஆர். கல்லீரல் வேலை செய்கிறதா என்பதைச் சொல்லும். ரிப்போர்ட்டைப் பார்க்கும் பலரும் முதலாவதை மட்டும் பார்த்துப் பதறுகிறார்கள்.

கண் மஞ்சளாகிவிட்டது. இது வழக்கமான மஞ்சள் காமாலைதானே?

மோனோவில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மஞ்சள் வருவது 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான். அப்படி வந்தால் இரண்டு வழிகளில் ஒன்றில் வந்திருக்கும், எந்த வழி என்று தெரிந்துகொள்வது அவசியம்.

முதல் வழி, கல்லீரல் வீக்கத்தால் பித்தநீர் சரியாக வடியாமல் தேங்குவது. இதில் நேரடி (டைரக்ட்) பிலிருபின், அதாவது மஞ்சள் நிறம் தரும் பொருளில் கல்லீரல் பதப்படுத்திய பகுதி, அதிகமாக இருக்கும், அல்கலைன் ஃபாஸ்ஃபடேஸ் ஏறியிருக்கும், உடம்பில் அரிப்பு இருக்கலாம், மலம் வெளுத்துப் போகலாம். இரண்டாவது வழி, சிவப்பணுக்கள் உடைவது. இதில் மறைமுக (இன்டைரக்ட்) பிலிருபின், அதாவது கல்லீரல் இன்னும் பதப்படுத்தாத பகுதி, அதிகம், ஹீமோகுளோபின் இறங்கும், அணுக்கள் உடைந்தால் வெளியேறும் எல்.டி.ஹெச். ஏறும். இரண்டாவது வழி கல்லீரல் பிரச்சினையே இல்லை, அது ஆட்டோஇம்யூன் விவகாரம், கீழே விரிவாக வருகிறது. "பிலிருபின் டோட்டல்" என்ற ஒரு வரியை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது, அதனால் டைரக்ட், இன்டைரக்ட் இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

40 வயதுக்கு மேல் முதல் முறையாக மோனோ வந்தால் நிலைமை தலைகீழ். தொண்டை வலியும் நெறியும் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும், காய்ச்சலும் மஞ்சளும் தூக்கலாக இருக்கும். பித்தப்பைக் கல்லோ கட்டியோ என்று ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துவிட்டுக் கடைசியில் ஈ.பி.வி. என்று தெரிய வருவது அந்த வயதில்தான். இளம் வயதினருக்கும் கல் இல்லாமலே பித்தப்பைச் சுவர் தடித்து வலது விலாவுக்குக் கீழ் வலிப்பதுண்டு, பெரும்பாலும் அறுவை இல்லாமலே சரியாகிவிடும்.

டெங்குவிலும் எஸ்.ஜி.ஓ.டி. ஏறுகிறது, பிளேட்லெட் குறைகிறது. எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

மழைக்காலத்தில் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். டெங்குவில் பொதுவாக எஸ்.ஜி.ஓ.டி.தான் எஸ்.ஜி.பி.டி.யைவிட அதிகம் ஏறும், மூட்டும் கண்ணுக்குப் பின்னாலும் வலிக்கும், ஒரு வாரத்துக்குள் காய்ச்சல் விட்டுவிடும். மோனோவில் காய்ச்சல் பத்து நாள், இரண்டு வாரம் என்று இழுக்கும், டான்சிலில் வெள்ளையாகப் படலம் படியும், கழுத்தின் பின்பக்கம் நெறி கட்டும், சிலருக்கு மேல் இமை வீங்கும். ஆனாலும் கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. டெங்கு, டைபாய்டு, எலிக்காய்ச்சல், ஹெபடைடிஸ் ஏ ஆகியவற்றை டெஸ்ட் எடுத்து விலக்கிவிடுவதுதான் நல்லது, அவற்றில் சிலவற்றுக்கு உடனே மருந்து வேண்டும்.

கீழாநெல்லி கொடுக்கலாமா? பத்தியம் இருக்க வேண்டுமா?

எங்கள் வீட்டிலும் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் கொடுத்தார்கள், பாட்டியின் அக்கறையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இது தானாக இறங்கும் மஞ்சள், எது கொடுத்தாலும் சில வாரங்களில் இறங்கும், அதனால் எதற்குப் பலன் என்று சொல்லவே முடியாது. நான் கவலைப்படுவது வேறு விஷயத்துக்கு. என்னென்ன கலந்தது என்று தெரியாத பொடி, லேகியம், கஷாயம் ஆகியவற்றைக் காயம்பட்ட கல்லீரலுக்குக் கொடுப்பது ஆபத்து. மூலிகை மருந்தாலும் கல்லீரல் அழற்சி வரும், வந்தால் எஸ்.ஜி.பி.டி. ஏறுவது மோனோவாலா மருந்தாலா என்று மருத்துவருக்கே தெரியாமல் போகும். எது கொடுத்திருந்தாலும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எண்ணெய், உப்பு எல்லாம் நிறுத்தி வெறும் கஞ்சியில் மூன்று வாரம் போடுவது தேவையில்லை. தொண்டை வலியில் ஏற்கெனவே சாப்பிட முடியாமல் மெலிந்திருப்பார்கள். இறங்குகிற எதையும் சாப்பிடலாம், குழைந்த சாதம், இட்லி, முட்டை, பால், இளநீர். மது மட்டும் அறவே கூடாது, கல்லீரல் எண்கள் இயல்புக்கு வரும் வரை.

காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் போடலாமா? ஆன்டிபயாடிக்?

பாரசிட்டமால் அளவோடு போடலாம். இரண்டு மூன்று மடங்கு எஸ்.ஜி.பி.டி. ஏறியதற்காக நிறுத்தத் தேவையில்லை, ஆனால் அதிகம் ஏறியிருந்தாலோ, சாப்பாடே இறங்காமல் கிடந்தாலோ எவ்வளவு போடலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும். சளி மாத்திரைகளுக்குள்ளும் பாரசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படித்துக் கூட்டிப் பாருங்கள். குழந்தைகளுக்கும் பதின்ம வயதினருக்கும் ஆஸ்பிரின் வேண்டாம், ரேய் சிண்ட்ரோம் என்ற கொடிய கல்லீரல், மூளைப் பாதிப்பு வரும் ஆபத்து இருக்கிறது.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. தொண்டையைப் பார்த்துவிட்டு அமாக்சிசிலின் கொடுத்தால், மோனோ உள்ளவர்களில் பலருக்கு ஒரு வாரத்தில் உடம்பெல்லாம் சிவந்து தடித்துப் போகும். பழைய புத்தகங்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும் என்று இருக்கும், பிந்தைய ஆய்வுகளில் அது மூன்றில் ஒருவர் அளவுக்குத்தான். இதுவும் கிளர்ந்து கிடக்கும் எதிர்ப்புச் சக்தியின் வேலையே, பெரும்பாலும் நிரந்தரமான பென்சிலின் அலர்ஜி அல்ல. ஆனால் நீங்களாகவே அப்படி முடிவு செய்து மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். ஃபைலில் "மோனோவின்போது தடிப்பு" என்று எழுதி வைத்து, பிறகு ஒரு மருத்துவரிடம் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம்.

கல்லீரல் முழுசாகச் செயலிழந்துவிடுமா?

மிக மிக அரிது. திடீர் கல்லீரல் செயலிழப்பு வந்து சேரும் நோயாளிகளில் ஈ.பி.வி.யால் வந்தவர்கள் 1%க்கும் கீழே. ஆனால் வந்தால் கடுமையானது, மாற்றுக் கல்லீரல் வரை போகக் கூடியது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஆண் குழந்தைகளில் எக்ஸ் குரோமோசோம் வழி வரும் ஒரு பரம்பரைக் குறைபாடு இருக்கிறது, எக்ஸ்.எல்.பி. என்பார்கள், டேவிட் பர்டிலோ 1975இல் ஒரு குடும்பத்தில் கண்டு எழுதியது. மற்ற கிருமிகளைச் சமாளிக்கும் அந்தப் பையன்கள் ஈ.பி.வி.யிடம் மட்டும் தோற்றுப்போகிறார்கள். டி அணுக்கள் கிளம்புகின்றன, ஆனால் வேலையை முடித்து அடங்கத் தெரியாமல் கல்லீரலையே சிதைக்கின்றன. தாய்வழியில் ஆண் பிள்ளைகள் மோனோவிலோ காரணம் தெரியாத காய்ச்சலிலோ இறந்திருந்தால் அந்த விவரத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இதற்கு நெருக்கமான இன்னொன்று ஹெச்.எல்.ஹெச்., எதிர்ப்புச் சக்தி கட்டுமீறி சொந்த ரத்த அணுக்களையே அழிக்கும் நிலை. காய்ச்சல் விடாது, மண்ணீரல் பெருத்துக்கொண்டே போகும், ரத்த அணுக்கள் மூன்று வகையும் சரியும், இரும்பைச் சேமிக்கும் புரதமான ஃபெரிட்டின் ஆயிரக்கணக்கில் ஏறும். அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது.

சரி, ஆட்டோஇம்யூன் என்ற பேச்சு இதில் எங்கிருந்து வருகிறது?

வைரஸ் புகுந்தது பி அணுக்களில் என்று சொன்னேன் இல்லையா? ஆன்டிபாடித் தொழிற்சாலைக்குள்ளேயே புகுந்து, எந்த இயந்திரம் எதைத் தயாரிக்கிறது என்று பார்க்காமல் எல்லா ஸ்விட்சையும் போட்டுவிடுகிறது. அதனால் வைரஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஆன்டிபாடிகள் எல்லாம் சில வாரங்களுக்கு ரத்தத்தில் வந்து குவிகின்றன.

இதற்கு மிகப் பழைய சாட்சி மோனோ டெஸ்டேதான். 1932இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் பால், வால்ஸ் பன்னல் இருவரும் மோனோ நோயாளியின் ரத்தநீர் ஆட்டின் சிவப்பணுக்களைக் கட்டி கட்டியாக ஒட்டவைப்பதைக் கண்டார்கள். அந்த நோயாளிக்கும் ஆட்டுக்கும் என்ன பகை? ஒன்றுமில்லை. ஸ்விட்ச் எல்லாம் போட்டதில் அந்த ஆன்டிபாடியும் வந்துவிட்டது. இன்றைக்கும் மோனோஸ்பாட் டெஸ்ட் குதிரையின் சிவப்பணுக்களை வைத்து அதே ஆன்டிபாடியைத்தான் தேடுகிறது. முதல் வாரத்தில் நாலில் ஒருவருக்கு நெகட்டிவ் காட்டும், சின்னக் குழந்தைகளில் பெரும்பாலும் நெகட்டிவாகவே இருக்கும், அதனால் ஒரு நெகட்டிவை வைத்து மோனோ இல்லை என்று சொல்லிவிட முடியாது.

ஏ.என்.ஏ. பாசிட்டிவ், ஸ்மூத் மசில் ஆன்டிபாடியும் பாசிட்டிவ். ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் என்கிறார்கள்?

எங்களைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி இது. மோனோவின் உச்சத்தில் எடுத்தால் ஏ.என்.ஏ., மூட்டுவாதத்துக்குப் பார்க்கும் ருமட்டாய்டு ஃபாக்டர், ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸுக்குப் பார்க்கும் ஸ்மூத் மசில் ஆன்டிபாடி எல்லாமே பாசிட்டிவ் ஆகலாம், பால்வினை நோயான சிபிலிஸுக்கு எடுக்கும் வி.டி.ஆர்.எல். டெஸ்ட்கூடப் பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். ஸ்மூத் மசில் ஆன்டிபாடி மோனோவில் தென்படுவது 1970களிலேயே எழுதப்பட்ட விஷயம். எஸ்.ஜி.பி.டி. ஏறியிருக்கிறது, ஸ்மூத் மசில் பாசிட்டிவ், வயது 19, பெண் என்று இந்த நாலையும் சேர்த்து ஒரு தாளில் பார்த்தால் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அந்தத் தாளில் தேதியும் இருக்கிறது, காய்ச்சல் தொடங்கிய மூன்றாவது வாரம். அந்தத் தேதியைப் பார்க்காமல் அந்த ஆன்டிபாடிக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

கேட்க வேண்டியவை இவை: ரத்தத்தில் அதிகம் உள்ள ஆன்டிபாடி வகையான ஐ.ஜி.ஜி. எவ்வளவு, அது தொடர்ந்து அதிகமாக இருக்கிறதா? ஆன்டிபாடியின் அளவு 1:40, 1:80 என்று லேசாக இருக்கிறதா, மிக அதிகமா? ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து எடுத்தால் எஸ்.ஜி.பி.டி.யும் ஆன்டிபாடியும் இறங்குகின்றனவா? இறங்கினால் கதை முடிந்தது. மூன்று மாதம் தாண்டியும் எஸ்.ஜி.பி.டி. இறங்க மறுத்து, ஐ.ஜி.ஜி.யும் ஏறியே நின்றால் அப்போது பயாப்ஸி பற்றிப் பேசுவது நியாயம். இடையில் ஐ.என்.ஆர். கெட்டால் மட்டும் காத்திருக்கவே கூடாது.

அப்படியானால் மோனோ உண்மையான ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸைத் தூண்டவே தூண்டாதா?

தூண்டலாம், சிலருக்கு மட்டும். 1995இல் லான்செட் இதழில் இத்தாலிய மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் உள்ளவர்களின் ஆரோக்கியமான உறவினர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் 7 பேருக்கு மோனோ வந்தது, அவர்களில் 2 பேருக்குச் சில மாதங்களிலேயே ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் வந்தது. அந்த இருவருக்கும், கல்லீரல் அணுவின் மேல் இருக்கும் ஒரு புரதத்துக்கு எதிரான தாக்குதலை அடக்கி வைக்கும் டி அணுக்களில் மோனோவுக்கு முன்பே குறை இருந்திருக்கிறது. வைரஸ் நெருப்பு வைத்தது, ஆனால் காய்ந்த ஓலை ஏற்கெனவே அங்கே கிடந்தது.

சின்ன ஆய்வுதான், இதை எல்லோருக்கும் பொருத்திப் பயப்படத் தேவையில்லை. ஆனால் குடும்பத்தில் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ், தைராய்டு, டைப் 1 சர்க்கரை நோய், லூபஸ் (தோல், மூட்டு, சிறுநீரகத்தைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் நோய்) என்று யாருக்காவது இருந்தால், மோனோவுக்குப் பிறகு கல்லீரல் டெஸ்ட் இயல்பாகும் வரை விடாமல் பின்தொடருங்கள். உண்மையிலேயே ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் என்றால் பிரெட்னிசோலோன், அசதயோபிரின் கொடுத்துக் கட்டுப்படுத்தலாம், சிகிச்சை தராமல் விட்டால் கல்லீரல் சுருங்கும். அவசரப்பட்டு நோய்ப் பெயர் சூட்டுவது எவ்வளவு தவறோ, பின்தொடராமல் விடுவதும் அவ்வளவு தவறு.

குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் நீலமாகிறது, சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது. இது என்ன?

கோல்டு அக்ளூட்டினின். உடம்பு குளிரும் இடங்களில், அதாவது விரல் நுனி, காது, மூக்கில், சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் ஆன்டிபாடி. மோனோவில் பலருக்கு லேசாக இது உருவாகும், ஆனால் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தச் சோகை வரும் அளவுக்குப் போவது 100 பேரில் மூன்று பேருக்குள்தான். அதற்கு ஓர் அழகான காரணம் இருக்கிறது. இந்த ஆன்டிபாடி குறிவைப்பது சிவப்பணுவின் மேல் இருக்கும், ஆங்கிலச் சின்ன எழுத்து "ஐ" (i) என்று பெயரிட்ட அடையாளத்தை. அது கருவில் இருக்கும் குழந்தையின் சிவப்பணுக்களில் நிறைய இருக்கும், வளர வளரப் பெரிய எழுத்து "ஐ" (I) என்ற அடையாளமாக மாறிவிடும். ஆகவே பெரியவர்களின் ரத்தத்தில் அதற்குப் பிடிமானம் குறைவு.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் திடீரென்று வெளுத்துப் போனாலோ, மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் கறுத்தாலோ அன்றே ஹீமோகுளோபினும், சிவப்பணுவில் ஆன்டிபாடி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் டெஸ்டும் எடுக்க வேண்டும். உடம்பைச் சூடாக வைத்திருங்கள், ஏ.சி. வேண்டாம், ஐஸ் தண்ணீர் வேண்டாம், சாக்ஸ் போடுங்கள். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் ரத்த வங்கிக்கு இந்த ஆன்டிபாடி இருப்பதை முன்பே சொல்ல வேண்டும், இல்லையென்றால் ரத்த வகை பார்ப்பதிலேயே குழப்பம் வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதத்தில் தானாக அடங்கிவிடும்.

பிளேட்லெட் 90 ஆயிரம். ஏற்ற வேண்டுமா?

தேவையில்லை, மோனோவில் லேசான குறைவு சகஜம். 20 ஆயிரத்துக்குக் கீழே போனாலோ, ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசிந்தாலோ மட்டும் உடனடி கவனம் தேவை, அது ஆன்டிபாடியால் பிளேட்லெட் அழிவதாக இருக்கலாம்.

ஸ்டீராய்டு கொடுத்தால் எல்லாம் ஒரேயடியாக அடங்குமே?

அடங்கும், ஆனால் வைரஸைக் கட்டுப்படுத்தும் படையும் சேர்ந்து அடங்கும். அதனால் சாதாரண மோனோவுக்கு, அசதிக்கு, எஸ்.ஜி.பி.டி. ஏற்றத்துக்கு ஸ்டீராய்டு தருவதில்லை. டான்சில் வீங்கி மூச்சு அடைத்தால், சிவப்பணு அழிவோ பிளேட்லெட் அழிவோ கடுமையானால் தருவார்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது: ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸா என்று தெரியாத நிலையில் ஸ்டீராய்டை ஆரம்பித்துவிட்டால் எண்கள் இறங்கும், தானாக இறங்கியதா மருந்தால் இறங்கியதா என்று யாருக்கும் தெரியாமல், நிறுத்தவும் பயந்துகொண்டு மாதக்கணக்கில் ஓடும். வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிரும் நோயின் போக்கை மாற்றுவதில்லை.

இந்த வைரஸால் எம்.எஸ். (மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்), லூபஸ் வரும் என்று படித்தேன். உண்மையா?

தொடர்பு இருக்கிறது. 2022 ஜனவரியில் சயின்ஸ் இதழில் அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல்களை வைத்து வந்த ஆய்வு, ஈ.பி.வி. தொற்றிய பிறகு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடுவதாகக் காட்டியது. அதே ஆண்டு நேச்சர் இதழில், ஈ.பி.என்.ஏ.1 என்ற வைரஸ் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி, நரம்பு மண்டலத்தில் உள்ள கிளையல்கேம் என்ற புரதத்தையும் ஆள் மாறாட்டமாகப் பிடிப்பதை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். லூபஸ் உள்ள இளம் வயதினரில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஈ.பி.வி. இருப்பதும் 1990களிலிருந்தே தெரிந்தது.

ஆனால் இதை உங்கள் மகளின் ரிப்போர்ட்டோடு சேர்த்துப் படிக்காதீர்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸ் இருக்கிறது, எம்.எஸ். வருவது மிக மிகச் சிலருக்கு. மரபணுவும் இன்னும் பல காரணங்களும் சேர்ந்தால்தான் வரும். மோனோ வந்து போனவர் அதற்காக எந்த டெஸ்டும் எடுத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

ஈ.பி.வி. ரிப்போர்ட்டில் மூன்று வரி இருக்கிறது. எப்படிப் படிப்பது?

வி.சி.ஏ., ஈ.பி.என்.ஏ. இரண்டும் வைரஸின் புரதங்கள்; ஐ.ஜி.எம். முதலில் வரும் ஆன்டிபாடி, ஐ.ஜி.ஜி. நீண்ட நாள் தங்கும் ஆன்டிபாடி. வி.சி.ஏ. ஐ.ஜி.எம். பாசிட்டிவ், ஈ.பி.என்.ஏ. ஐ.ஜி.ஜி. நெகட்டிவ் என்றால் புதிய தொற்று. வி.சி.ஏ. ஐ.ஜி.ஜி., ஈ.பி.என்.ஏ. ஐ.ஜி.ஜி. இரண்டும் பாசிட்டிவ், ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்றால் எப்போதோ வந்து போனது, இப்போதைய மஞ்சளுக்கு வேறு காரணம் தேடுங்கள். ஈ.பி.என்.ஏ. ஆன்டிபாடி வர இரண்டு மாதமாவது ஆகும். சைட்டோமெகலோ வைரஸும் இதே மாதிரி காய்ச்சலையும் கல்லீரல் ஏற்றத்தையும் தரும், சில நேரம் இரண்டின் ஐ.ஜி.எம்.மும் ஒன்றாகப் பாசிட்டிவ் காட்டிக் குழப்பும்.

வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா?

உமிழ்நீர் வழியாகத்தான், அதனால் டம்ளர், ஸ்பூன் தனியாக இருக்கட்டும். தனி அறையில் அடைக்க வேண்டாம், பெரியவர்களில் பெரும்பாலானோருக்கு ஏற்கெனவே வந்திருக்கும். தொற்றி நோய் வெளிப்பட நாலு முதல் ஆறு வாரம் ஆகும் என்பதால் யாரிடமிருந்து வந்தது என்று விசாரணை நடத்துவதில் பயனில்லை, அந்தப் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு நோகடிக்காமல் இருப்பதே நல்லது.

எப்போது காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பேச்சு குழறினால், பகலில் தூங்கி இரவில் விழித்துக் குழம்பினால், வாந்தி நிற்காவிட்டால், ரத்தம் கசிந்தால், மூச்சு அடைத்தால். அப்புறம், இடது விலாவுக்குக் கீழ் திடீரென்று சுரீரென்ற வலி, அது இடது தோளுக்கும் பரவினால் உடனே. அது வீங்கிய மண்ணீரல் கிழிந்ததன் அடையாளமாக இருக்கலாம். ஆயிரத்தில் ஐந்து பேருக்குள்தான் நடக்கும், பெரும்பாலும் முதல் மூன்று நாலு வாரத்துக்குள். அதனால் அந்தக் காலத்தில் ஓட்டம், ஜிம், பாரம் தூக்குவது வேண்டாம், கபடி, ஃபுட்பால் போன்றவை அதற்கும் மேல் மருத்துவர் சொன்ன பிறகே.

எத்தனை முறை டெஸ்ட் எடுக்க வேண்டும், எப்போது நிறுத்தலாம்?

மஞ்சள் இல்லாமல் எஸ்.ஜி.பி.டி. மட்டும் லேசாக ஏறியவருக்குத் தினமும் ஊசி குத்த வேண்டாம், இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, பிறகு ஒன்றரை மாதத்தில் ஒரு முறை போதும். மஞ்சள் இருந்தால் வாரம் ஒரு முறை பிலிருபின், ஐ.என்.ஆர்., ஹீமோகுளோபின். ஆன்டிபாடி ஏதாவது பாசிட்டிவாக வந்திருந்தால் மூன்று மாதம் கழித்து அதே ஆய்வகத்தில் மறுபடி எடுங்கள், ஆய்வகம் மாறினால் அளவுகளை ஒப்பிட முடியாது. அசதி மட்டும் எண்களுக்குப் பிறகும் இழுக்கும். என் தங்கைக்கு ஆறாவது வாரம் எஸ்.ஜி.பி.டி. 34, மூன்றாவது மாதம் ஏ.என்.ஏ. நெகட்டிவ், ஆனால் கல்லூரிக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்து அப்படியே படுத்துத் தூங்கிவிடாமல் இருக்க ஐந்தாவது மாதம் ஆனது.